பாலத்துக்குப் போட்ட காசு

என் தம்பியின் வேலை காசை ஒழிப்பது. யாராவது கேட்டால் அவன் அப்படித்தான் சொல்வான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்கமாட்டான்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சின்ன அலுவலகம். அங்கே அவனும் இன்னும் சிலரும் சேர்ந்து ஓர் ஆன்லைன் விளையாட்டை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். ஆட வருகிறவர்கள் அந்த ஊரில் குடியேறி, மீன் பிடித்து, தோட்டம் போட்டு, கிடைத்ததைச் சந்தையில் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்வார்கள். அந்தக் காசு விளையாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். அது எங்கே பிறக்கிறது, எவ்வளவு புழங்குகிறது, எங்கே போய் முடிகிறது என்பதையெல்லாம் கவனிப்பது தம்பியின் பொறுப்பு. பொறியியல் படித்துவிட்டு இந்த வேலைக்குத்தான் போவேன் என்று அவன் நின்றபோது, அப்பா ஒரு வாரம் யோசித்துவிட்டு, “யாருக்கும் கெடுதல் இல்லைன்னா சரி” என்றார்.

அப்பா இறந்த பிறகுதான் எல்லாம் மாறியது.

நாங்கள் இருப்பது சேலையூரில். அம்மா தன் பணிக்காலம் முழுக்க அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்தவள். அப்பாவுக்கு வயிற்றில் கட்டி வந்து, ஒருமுறை எடுத்து, ஒரு வருடம் கழித்து மறுபடியும் வந்தது. இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். தம்பி வேண்டாம் என்றான். வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்றான். அம்மா செய்துவிடலாம் என்றாள். அப்பாவைக் கேட்டபோது, “உங்க அம்மாவுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கண் திறக்கவே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தோம். அப்படியே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, சொந்தக்காரர்கள் ஹாலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி அம்மாவிடம் சொன்னான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

“நீங்க நர்ஸ்தானேம்மா. உங்களுக்குத் தெரியாதா? நான் சொன்னேன் இல்ல, வீட்லயே விட்டிருக்கலாம்னு.”

அம்மா கையில் இருந்த டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். எழுந்து உள்ளே போனாள். அதன் பிறகு அவனோடு பேசவில்லை.

சண்டை என்று சொல்ல முடியாது. அவன் போன் செய்தால் எடுத்து என்னிடம் கொடுத்துவிடுவாள். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அவன் வந்தபோது அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தாள். ஆனால் பரிமாறும்போது, “அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து” என்று என்னிடம்தான் சொன்னாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை. மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்டில் வாடகைக்கு இருந்தான். சேலையூரிலிருந்து பஸ் ஏறினால் உட்கார இடம் தேடி முடிப்பதற்குள் வந்துவிடுகிற தூரம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று அவனைப் பிடித்துக் கேட்கவும் ஆள் இல்லாமல் போயிற்று.

நான் மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை அரை நாள். வேலை முடிந்ததும் கேம்ப் ரோடு சந்திப்பில் உள்ள பேக்கரியில் அவனும் வந்து சேர்வான். ஆளுக்கொரு டீ, ஒரு எக் பப்ஸைப் பாதியாக்கிக்கொள்வோம். அவன் ஒரு பையை என் பக்கம் தள்ளுவான். திராட்சையோ, கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்தோ அதில் இருக்கும். நான் வாங்கியதாக வீட்டில் வைப்பேன். இது யார் வாங்கியது என்று அம்மா கேட்டதே இல்லை.

அம்மாவைப் பற்றி நேராகக் கேட்க அவனுக்கு வாய் வராது. அதனால் தன் வேலையைப் பற்றிப் பேசுவான். அப்படித்தான் அந்த விளையாட்டு ஊரின் கஷ்டம் எனக்குத் தெரிய வந்தது.

“குழாய் நிறைய இருக்குக்கா. வடிகால்தான் இல்ல” என்றான் ஒரு நாள்.

மீனைப் பிடித்துக் கடையில் போட்டால் காசு. தினமும் உள்ளே வந்தாலே காசு. அந்தக் காசு யாருடைய பையிலிருந்தும் வருவதில்லை. அந்த நிமிடத்தில் புதிதாகப் பிறக்கிறது. ஆரம்பத்தில் ஆட்களைச் சேர்ப்பதற்காக அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். பழைய ஆட்களிடம் மலையாகக் குவிந்துவிட்டது, செலவழிக்கத்தான் வழியில்லை. அதனால் சந்தையில் எது வந்தாலும் கேட்ட விலைக்கு வாங்கினார்கள். விளையாட்டு தொடங்கியபோது பத்து காசுக்கு விற்ற மீன்வலை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. புதிதாக வருகிறவன் நாள் முழுக்கத் தூண்டில் போட்டாலும் ஐம்பது காசு தேறாது. ரெண்டு நாள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான்.

“காசு நெறைய இருக்கு, ஊரு காலியாகுது” என்றான் தம்பி. “இப்போ எல்லார்கிட்டேர்ந்தும் காசை எடுக்கணும். வலிக்காம எடுக்கணும். அதுதான் என் வேலை.”

இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா காதில் விழும்படி என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். அவர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். பகல் முழுக்க இரும்புச் சத்தம் கேட்டுவிட்டு வருகிறவர், பாதிதான் கேட்பார். அம்மா முழுவதும் கேட்பாள், கேட்காத மாதிரி.

அன்றைக்கு மட்டும் தட்டைப் பார்த்தபடியே ஒரு வார்த்தை சொன்னாள். “வலிக்காம எடுக்க முடியாது. வலிக்கும்னு முன்னாடியே சொல்லிட்டா தாங்கிக்குவாங்க.”

ஊசி போட்டுப் போட்டுப் பழகிய பேச்சு அது. அடுத்த சனிக்கிழமை அதை அவனிடம் சொன்னேன். யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. டீயை வைத்துவிட்டு, ரோட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்ற தண்ணீர் லாரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் ஒரு டேப்லெட் இருந்தது. கொரோனாவில் கோவிலுக்குப் போக முடியாத காலத்தில் ஞாயிறு ஆராதனையைப் பார்ப்பதற்காக வாங்கியது. தம்பியின் விளையாட்டு எப்படித்தான் இருக்கிறது என்று அதில் ஏற்றிப் பார்த்தேன். எனக்குப் பொறுமை இல்லை. மறந்தும் போனேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, பார்வை தெளிந்து, சீரியல்கள் மேல் வெறுப்பும் வந்திருந்த சமயம். ஒரு மதியம் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அம்மா ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தலையணையைப் போட்டு, அதன் மேல் டேப்லெட்டை வைத்துக்கொண்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இதுதானே அவன் பண்றது?” என்றாள், நிமிராமல்.

“ஆமா.”

“மீன் நல்லாத்தான் நீந்துது.”

நான் பையை வைத்துவிட்டு டீ போடப் போனேன்.

பெயர் வைத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த விளையாட்டே ஒரு பெயரும் எண்ணும் கொடுக்கும். அம்மா அதை மாற்றவில்லை. தலையில் கூடை வைத்த ஒரு பெண், அவ்வளவுதான் அவள் அங்கே. மீனில் தொடங்கி மூலிகைத் தோட்டத்துக்குப் போனாள். காயத்துக்குப் போடும் களிம்பு அந்த ஊரில் நன்றாக விற்கும். அம்மா களிம்பு செய்து, சந்தை விலையில் பாதிக்கு வைப்பாள். மற்ற வியாபாரிகள் அவளுக்குக் கோபமாகச் செய்தி அனுப்புவார்கள். “மருந்துக்கு என்ன கொள்ளை லாபம் வேண்டிக்கிடக்கு” என்பாள் எங்களிடம். சாப்பிடும்போது தக்காளி விலையைச் சொல்கிற மாதிரியே வலை விலையைச் சொல்வாள். நேற்று ஆயிரத்து அறுநூறுக்குக் கிடைத்தது இன்று ஆயிரத்து எண்ணூறு ஆகிவிட்டது, இப்படிப் போனால் புதுப் பிள்ளைகள் என்ன செய்யும் என்று கவலைப்படுவாள். வழி தெரியாமல் ஆற்றங்கரையில் நிற்கும் புது ஆளைப் பார்த்தால் தன்னிடம் இருக்கும் வலையைக் கொடுத்துவிடுவாள்.

ஒரு நாள் தம்பியின் முதல் மாற்றம் வந்தது. அன்று முதல் வலைகள் கிழியும். தைக்கக் காசு கொடுக்க வேண்டும். சந்தையில் எது விற்றாலும் ஒரு பங்கு கட்டணமாகப் போகும். அந்தக் காசு யாருக்கும் போய்ச் சேராது. இல்லாமலே போகும். இதெல்லாம் வரப்போகிறது, கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும், காரணம் இது என்று ஒரு வாரம் முன்னாலேயே எல்லோருக்கும் அறிவிப்புப் போட்டிருந்தான். அம்மா அந்த அறிவிப்பைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

முன்னால் சொன்னதால் கோபம் குறைந்ததா என்று தெரியவில்லை. விளையாட்டின் அறிவிப்புப் பலகை முழுக்கத் திட்டு. பழைய ஆட்கள்தான் அதிகம். அம்மா ஒன்று விடாமல் படித்தாள். ஒரு நாள் நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பா போன பிறகு அந்த வீட்டில் கேட்காத சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன்.

“இதை எவன் பண்ணானோ அவன் அம்மாவைன்னு ஆரம்பிச்சு எழுதியிருக்கான்” என்றாள். “என்னைத்தான் திட்றான்.”

சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் நல்ல ஆங்கிலத்தில், ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் எழுதிப் பழகிய சின்னச் சின்ன வாக்கியங்களில், ஒரு பதில் எழுதினாள். என் வலையும்தான் கிழிந்தது, தைத்துக்கொண்டேன், இதைச் செய்தவர் காரணம் இல்லாமல் செய்திருக்க மாட்டார் என்று. கம்பெனி வைத்த ஆள் என்று அவளையும் சேர்த்துக் கேலி செய்தார்கள். அம்மா பொருட்படுத்தவில்லை.

அந்த மாதங்களில் தம்பி இளைத்துப்போயிருந்தான். வலை விலை கொஞ்சம் இறங்கியது உண்மைதான், ஆனால் கோபித்துக்கொண்டு போனவர்களும் நிறைய. இன்னொரு வழியாவது கண்டுபிடி, இல்லாவிட்டால் இந்த விளையாட்டையே மூடிவிடலாம் என்று மேலே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்களாம். பேக்கரியில் பேப்பர் நாப்கினில் எதையோ வரைந்துகொண்டே சொன்னான். ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டலாம் என்று யோசித்திருந்தான். உடைந்து கிடக்கும் பழைய பாலம். பக்கத்தில் ஒரு உண்டியல். யார் வேண்டுமானாலும் காசு போடலாம், போட்ட காசு திரும்ப வராது. பரிசு கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. போதுமான காசு சேர்ந்தால் பாலம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும், எல்லோருக்கும் பொதுவாக.

“ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்கக்கா. ஒண்ணும் கிடைக்காதுன்னா எவன் போடுவான்னு கேக்கறாங்க. கட்டணம் போட்டாத்தான் வரும்ங்கறாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“பிடுங்கறதுக்குப் பதிலா ஒருதடவை கேட்டுப் பாக்கலாமேன்னு சொன்னேன்.”

அன்று இரவு இதை நான் சொன்னபோது அம்மா வழக்கம்போலக் கேட்காத மாதிரி சாப்பிட்டாள். உண்டியல் வந்த அன்று மதியமே, அதுவரை சேர்த்த காசு மொத்தத்தையும் அதில் போட்டுவிட்டாள். எனக்கு விஷயம் தெரிந்தது மூன்று நாள் கழித்துத்தான். களிம்பு செய்ய எண்ணெய் வாங்கக்கூடக் கையில் காசில்லாமல் மறுபடியும் தூண்டிலோடு கரையில் உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாத்தையுமா போட்டீங்க? அது யாருக்கும் போகாதும்மா. அப்படியே காணாம போயிடும்.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

மீன் சிக்கியது. அதை எடுத்துக் கூடையில் போட்ட பிறகு சொன்னாள். “அவன் என்கிட்ட ஏதாவது வேணும்னு கேட்டு எவ்வளவு நாளாச்சு.”

அவனிடம் சொல்லட்டுமா என்று பிறகு கேட்டேன். வேண்டாம் என்றாள். அவனாக வரட்டும், இதற்காக வர வேண்டாம் என்றாள். சொன்னால் அழுதுகொண்டு வந்து நிற்பான், அப்படி வந்தால் அது கணக்கில்லை என்றாள். அதன் பிறகு தினமும் மதியம் மீன் பிடிப்பாள், களிம்பு விற்பாள், கையில் வந்ததை மாலையில் உண்டியலில் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். பாலத்துக்கு ஒவ்வொரு தூணாக எழும்பியது.

தம்பி ஒரு சனிக்கிழமை முகம் மலர்ந்து வந்தான். வேறு எவரும் போட்டதைவிட அதிகமாக ஒரே ஆள் போடுகிறாராம். நாள் தவறாமல். பெயர்கூட வைத்துக்கொள்ளாத ஆள். அதைப் பார்த்துப் பலரும் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆபீஸ் மீட்டிங்கில் அதை வரைபடமாகப் போட்டுக் காட்டினானாம்.

“யாரோ பைத்தியம்க்கா” என்று சிரித்தான். “நல்லா இருக்கட்டும்.”

நான் பப்ஸைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம், அம்மாவுக்குத்தான் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மட்டும் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. எந்த டாக்டரிடம் போனீர்கள், என்ன மாத்திரை என்று அன்று முதல் முறையாக அவளைப் பற்றி நேராகக் கேட்டான்.

மழைக்காலம் தொடங்கியபோது அம்மாவின் கால்கள் வீங்க ஆரம்பித்தன. இதயம் பலவீனமாகிவிட்டது என்பது அவளுக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரு காலையில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சுக்குத் தவித்தாள். குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தம்பிக்குப் போன் செய்தேன். தெருவெல்லாம் தண்ணீர். மேடவாக்கத்திலிருந்து எப்படி வந்தானோ, முழங்கால் வரை நனைந்து வந்து வார்டு வாசலில் நின்றான். உள்ளே வரலாமா என்று கேட்பவன் மாதிரி நின்றான்.

அம்மா அவனைப் பார்த்தாள். “காலைத் துடைச்சுக்கிட்டு வா” என்றாள். அத்தனை வருடம் கழித்து அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

அவன் துடைத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். மேடவாக்கத்தில் மெட்ரோ வேலை எந்த அளவில் இருக்கிறது, ரோடு எப்படி இருக்கிறது, அபார்ட்மென்டில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பிறகு அம்மா கேட்டாள்:

“பாலம் முடிஞ்சிடுச்சா?”

“இன்னும் கொஞ்சம் இருக்கு” என்றான், யோசிக்காமல். அதன் பிறகுதான் அவன் முகம் மாறியது. என்னைப் பார்த்தான். மறுபடி அம்மாவைப் பார்த்தான்.

“அது நீங்களாம்மா?”

“கொஞ்சம்தான் போட்டேன்” என்றாள் அம்மா. கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் அவள் பாதத்தின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். விரல் வைத்த இடத்தில் பள்ளம் விழுகிற அளவுக்கு வீங்கிய பாதம். அவன் அழவில்லை. அழுதுவிடுவான் என்று நான்தான் பயந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். இதயத்தின் ஒரு வால்வு கெட்டிருக்கிறது, மாற்றிப் பார்க்கலாம், இந்த வயதில் இந்த நிலையில் உறுதி சொல்ல முடியாது என்றார். அப்பாவுக்குச் சொன்ன அதே வார்த்தைகள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் உடனே, ஒரு நொடிகூட எடுக்காமல், “பண்ணிடலாம் டாக்டர்” என்றான்.

வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவன் என்ன சொன்னான் என்பது அவனுக்கே உறைத்தது. அங்கே வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“அன்னைக்கு அம்மாவுக்கும் இப்படித்தான இருந்திருக்கும்” என்றான். “தெரிஞ்சேதான் சரின்னு சொல்லியிருப்பாங்க. வேற என்னக்கா சொல்ல முடியும்?”

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு ஆயா தரையைத் துடைத்துக்கொண்டு எங்கள் கால் பக்கம் வந்தாள். காலைத் தூக்கிக்கொண்டோம்.

அம்மா ஆபரேஷன் வேண்டாம் என்றாள். அதைப் பற்றிப் பேசவே விடவில்லை. வீட்டுக்குப் போகலாம், மாத்திரை கொடுக்கச் சொல், போதும் என்றாள். தம்பி ஒரு நாள் முழுக்கக் கெஞ்சினான். நீ அன்றைக்கு அப்பாவுக்குச் சொன்னதைத்தானே நான் சொல்கிறேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் கையைத் தட்டிக்கொடுத்து, “வீட்டுக்குப் போலாம்பா” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தம்பியும் கூடவே வந்தான். ஹாலில் ஒரு மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அங்கிருந்தே வேலை செய்தான். அம்மாவுக்கு டேப்லெட்டைப் பிடிக்கத் தெம்பு இல்லை. அவன் பிடித்துக்கொள்வான், அவள் சொல்லச் சொல்ல அவன் தூண்டில் போடுவான். அவன் செய்த விளையாட்டில் என்னென்ன குறை என்று அவள் பட்டியல் வைத்திருந்தாள். எழுத்தெல்லாம் பொடியாக இருக்கிறது, வயதானவர்கள் எப்படிப் படிப்பார்கள்? புதிதாக வருகிறவனுக்கு முதல் வலையைச் சும்மா கொடுத்தால் என்ன? களிம்பு பச்சையாக இருக்கிறது, களிம்பு எங்கேயாவது பச்சையாக இருக்குமா? அவன் சரிம்மா, மாத்திடறேம்மா என்று சொல்லிக்கொண்டிருப்பான். எழுத்தை நிஜமாகவே பெரிதாக்கினான். களிம்பின் நிறம் மாறுவதற்குள் அம்மா போய்விட்டாள்.

ஒரு காலையில் கஞ்சி எடுத்துப் போனேன், எழுப்ப முடியவில்லை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. அப்பாவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.

அம்மா இல்லாமலே அந்தப் பாலம் கட்டி முடிந்தது. மற்றவர்கள் போட்டு முடித்தார்கள். அன்றைக்கு விளையாட்டில் வாணவேடிக்கை விட்டார்கள் என்று தம்பி சொன்னான். அதோடு வேறொன்றும் சொன்னான். பாலம் முடிந்ததும் உண்டியல் மூடிவிட்டது. காசு போக வேறு பெரிய வழியில்லை. மறுபடியும் குவிய ஆரம்பித்துவிட்டது, வலை விலை ஏறுகிறது.

அதற்குப் பின் பல வாரம் அந்த விளையாட்டைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை. பேக்கரிக்கு வருவதை நிறுத்திவிட்டு இப்போது வீட்டுக்கே வருகிறான். ஞாயிறு கோவில் முடிந்து எங்களோடு சாப்பிடுவான். ஒரு ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும் அம்மாவின் டேப்லெட் எங்கே என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திறந்தான்.

அந்த வாரம் விளையாட்டில் வெள்ளம் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போகப்போகிறது என்றான். ஆபீஸில் முடிவு செய்துவிட்டார்கள். மறுபடி உடைந்தால்தான் மறுபடி உண்டியல் வைக்க முடியும். போன தடவை அவ்வளவு நன்றாக வேலை செய்த ஒன்றை ஏன் விட வேண்டும் என்று கேட்டார்களாம். அவன் மறுத்துப் பார்த்திருக்கிறான். வேறு வடிகால் யோசிக்கிறேன், கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். இது அம்மா கட்டியது என்று மட்டும் அவனால் அங்கே சொல்ல முடியவில்லை.

“வேற யாரையாவது பண்ணச் சொல்லக்கூடாதா?” என்றேன்.

“அந்த வெள்ளத்துக்கான ப்ரோக்ராமை நானேதான் எழுதினேன்க்கா. இன்னொருத்தன் எழுதினா சும்மா பலகை பறக்கற மாதிரி ஏதாவது காமெடியா வச்சிருப்பான்.”

தலையில் கூடை வைத்த அந்தப் பெண் ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தாள். கடைசியாக அவன்தான் அங்கே நிறுத்தியிருந்தான். அம்மா உயிரோடு இருந்தவரை பாலம் முடியாததால் அவள் ஒருமுறையும் அக்கரைக்குப் போனதில்லை. தம்பி அவளை மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனான். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தூண்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கீழே மீன்கள் நீந்தின. அக்கரையில் இறங்கினால் நாலைந்து மரமும் புல்வெளியும். கொஞ்ச தூரம் போனதும் அதற்கு மேல் நடக்க முடியவில்லை.

“அங்க என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லக்கா. இனிமேதான் வைக்கணும்னு இருந்தோம். அதுக்குள்ள...”

டேப்லெட்டை அணைத்து என்னிடம் கொடுத்தான். அந்த வாரம் வெள்ளம் வந்தது. உண்டியல் திரும்ப வந்தது. இந்தத் தடவை யாரும் அவ்வளவாகப் போடவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை கட்டியதை உடைத்தவர்களை நம்பி எத்தனை பேர் போடுவார்கள்? வருடம் முடிவதற்குள் தம்பி அந்த வேலையை விட்டுவிட்டான். இப்போது வேறொரு கம்பெனியில், மருந்துக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஏதோ மென்பொருள் வேலையில் இருக்கிறான். சம்பளம் நன்றாக இருக்கிறது என்கிறான். அதைப் பற்றி நானும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

போன ஞாயிறு என் வீட்டுக்காரர் ஊரப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நானும் தம்பியும் மட்டும்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

“அப்பா அடக்கத்தன்னைக்கு நான் சொன்னதைப் பத்தி அம்மா உன்கிட்ட எப்பவாவது பேசினாங்களா?” என்று கேட்டான்.

அவனுக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அம்மா பேசவில்லை. ஒருமுறைகூட இல்லை.

“இல்லடா” என்றேன்.

“அத்தனை நாள் பக்கத்துலயே இருந்தேன். மீன் பிடிச்சேன், களிம்பு வித்தேன். மன்னிச்சிடுங்கம்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருக்கலாம்.”

அவன் தலையாட்டினான். கையிலிருந்த தட்டை இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தான். பிறகு குக்கர் மூடி எங்கே வைப்பது என்று கேட்டான். மேல் தட்டில் வை என்றேன்.